ஆறு மாத அறிக்கை

மாரிசெல்வம் விபத்தில் இறந்து ஓராண்டு கழிந்தும் கல்லூரியிலிருந்து அவர் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. அவருடைய முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்தால் அது நிற்கும் என்று, மனைவி தங்கலட்சுமி மனு எழுதிக்கொண்டு அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினாள்.

ஆய்வுப் பிரிவு கிளார்க் ஜெகதீஸ்வரி கோப்பைப் புரட்டினாள்.

"எதுக்குக்கா ரத்து? பேப்பர் எல்லாம் பாஸ், அதுக்கான வாய்மொழித் தேர்வும் முடிச்சிட்டாக, இனி ஆய்வேடுதான் பாக்கி. ஆறு மாச அறிக்கை தவறாம வருது. நாலு வருசம் மாடா உழைச்சுட்டு இப்பப் போயி விடுவாகளா?"

"அவுக செத்துப் போயிட்டாகம்மா."

ஜெகதீஸ்வரி கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் இறந்த பின் இரண்டு அறிக்கைகள் வந்திருந்தன. கையெழுத்து அவருடையதுதான். நெறியாளரும் ஒப்பமிட்டிருந்தார்.

கோடையில் கரிசல் மண் எவ்வளவு ஆழம் வெடிக்கிறது என்பதே ஆய்வு. முன்பெல்லாம் பல ஊர்ப் புஞ்சைகளில் அளந்தவர், இந்த இரண்டிலும் ஓரிடத்தை மட்டுமே அளந்திருந்தார். திருச்சுழிப் பக்கம் அவரைப் புதைத்த சொந்தப் புஞ்சை. அளவுகள் கீழிருந்து மேலாக எடுக்கப்பட்டவை என்று குறிப்பு இருந்தது. முதல் அறிக்கையில் மேல்மண்ணுக்கு மூன்றடி இருந்தது; இரண்டாவதில் இன்னும் ஒன்றரை அடிதான்.

"ரத்து பண்ணிருவமாக்கா?"

தங்கலட்சுமி மனுவை நான்காக மடித்தாள்.

"இன்னும் ஒரு ஆறு மாசம் பொறுப்போம்மா."