மோகன் காட்டிய பாதை

பர்மாவில், ஷ்வேப்யிதா என்ற புறநகரிலுள்ள வீட்டின் தகரக் கூரையில் மாலை மழை அடிக்கிறது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. கட்டிலில் சாய்ந்திருக்கும் செல்லக்கண்ணுவின் முகத்துக்கு நேராக மகள் ரேவதி போனைப் பிடித்திருக்கிறாள். திரையில் அவள் தம்பி மோகன். மொராக்கோ பாலைவனத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வேனைச் சுற்றுலாக்காரர்களுக்காக ஓட்டுகிறவன். வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் தேநீர்க் குவளைகளில் புழுதி படிந்த வெயில் விழுகிறது. “டாக்டர் சொன்னதை அக்கா சொல்லிட்டாப்பா. இந்தப் பயணம் முடிஞ்சதும் வந்துடறேன்.” செல்லக்கண்ணு மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார். “வராதே. ஏர்போர்ட்டுலயே கட்டாயப் பட்டாளத்துக்குப் புடிச்சிருவாங்க.” “உங்களைப் பாக்க வேணாமா?” “இப்ப பாக்குறேல்ல.” மோகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். “நீ போற பாதையைக் காட்டு” என்கிறார் செல்லக்கண்ணு. திரை திரும்புகிறது. மரமோ வீடோ இல்லாத மணல்வெளியில் ஒற்றைச் சாலை வெளிச்சத்தில் நீண்டு கிடக்கிறது. செல்லக்கண்ணு விரலால் அந்தச் சாலையைத் தடவுகிறார். “நல்ல ரோடு. அப்படியே போ” என்று சொல்லி, விரலைக் கீழே இறக்கிச் சிவப்புப் பொத்தானை அவரே அழுத்துகிறார். உடனே போன் ஒலிக்கிறது. எடுக்க வேண்டாம் என்று ரேவதியைப் பார்த்துத் தலையசைக்கிறார். அது ஒலித்து ஓய்கிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.