தொண்ணூற்றெட்டு சதவீதம்

சித்தூர்க் கல்லூரி ஆய்வகத்தில் கணினித் திரையைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவி இந்து பயந்துபோனாள். பூண்டு விளையும் தன் மலையூரான வட்டவடையிலிருந்து அவள் கொண்டுவந்த பாக்டீரியாவின் புரத வரிசை, பூச்சிமருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்றின் வரிசையோடு தொண்ணூற்றெட்டு சதவீதம் ஒத்துப்போயிருந்தது.

"இன்னொரு தடவ ஒப்பிட்டுப் பாக்கலாமா சார்?"

"மூணு தடவ பாத்தாச்சும்மா," என்றார் பேராசிரியர் நல்லதம்பி. "பூச்சிமருந்தையே தின்னு வாழற கிருமி இது. வருசக்கணக்கா மருந்து கெடச்சாத்தான் இப்படிப் பெருகும். நல்ல சேதிக்கு எதுக்குப் பயப்படற? எந்தப் பூண்டுத் தோட்டத்து மண்ணுன்னு சொல்லு, கட்டுரையில எழுதோணும்."

"மண்ணு இல்ல சார். எங்க வீட்டுக் குடிதண்ணித் தொட்டியில எடுத்தது."

இந்து அம்மாவைப் போனில் அழைத்தாள்.

"தொட்டித் தண்ணிய இனிமே யாரும் குடிக்காதீங்கம்மா."

"ஏன்டி? நீ பொறந்ததுல இருந்து நாம அதத்தான குடிக்கோம்."