வண்டு சொன்ன லென்ஸ் கதை

மேய்ச்சல் நிலத்துக்குச் சாணி வண்டு மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"கேட்டியா சேதி! தெருக்கோடி வீட்டுக் குழந்தை ஆய் போன துணியில போய் உட்கார்ந்தேன். அம்மாக்காரி போட்டா பாரு ஒரு கூச்சல்! குழந்தை வயித்துலேர்ந்தே நான் வந்துட்டேன்னு நினைச்சுட்டா. பாட்டில்ல போட்டு டாக்டர்கிட்ட கொண்டுபோனாங்க. அவர் என்னை லென்ஸ் வெச்சுப் பார்த்தார்!"

"அப்புறம்?" என்றது பெண் வண்டு, சாணியை உருட்டிக்கொண்டே.

"இது ஒண்ணும் பண்ணாதுன்னு ஜன்னல் வழியா விட்டுட்டார். அதை விடு. லென்ஸ்!"

"சரி, வந்து கை குடுங்க. ஈ வர்றதுக்குள்ள இதைப் புதைக்கணும்."

ஈ வந்தே விட்டது. "அண்ணே, எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்களேன்!" என்று சாணி மேல் வசதியாக உட்கார்ந்தது.

வண்டு அம்மாவின் கூச்சலை நடித்தே காட்டியது. மற்ற வண்டுகளும் உருண்டைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தன. கடைசியில் பெண் வண்டும் வந்து நின்றது. மறுநாளும் அதே கூட்டம், அதே கதை. லென்ஸ் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. சாணி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதில் ஈ முட்டையிட்டது, புழுக்கள் நெளிந்தன.

ஒரு காலையில் சாணியெல்லாம் குட்டி ஈக்கள். இவ்வளவு கூட்டத்தை வண்டு பார்த்ததே இல்லை! தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது.

"கதையெல்லாம் அம்மா சொல்லிட்டாங்க மாமா," என்றது ஒரு குட்டி ஈ. "அந்தக் குழந்தை வீடு எந்தப் பக்கம்?"

வண்டு பெருமையோடு காலை நீட்டிக் காட்டியது.