உமைரின் ஈசிஜி

"உங்க பையனுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் தர முடியாது பாய்," என்றார் டாக்டர்.

அப்துல் சலாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசூர் கம்பெனியில் பர்மனென்ட் வேலை. திங்கட்கிழமை உமைர் போய்ச் சேரணும்.

"ஈசிஜி தப்பா வர வாய்ப்பே இல்ல சார். உங்க லேப்ல மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இது பரம்பரையா வர்ற இதயத்துடிப்புக் கோளாறு. உங்க வீட்ல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"என் தம்பிங்க ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு எட்டு வயசு, ஒருத்தனுக்குப் பத்து. எங்க வீட்ல ஆம்பளைங்களுக்குத்தான் சார் இது வரும்."

"அது பாதிதான் சரி. சின்ன வயசுல பையன்களுக்கு ஆபத்து அதிகம். வயசுக்கு வந்த பிறகு அப்படியே மாறிடும். பொம்பளைங்களுக்குக் கூடும். பிள்ளை பெத்த பிறகு இன்னும் மோசம். இது மட்டும் ஒரு பொண்ணோட ஈசிஜியா இருந்தா, இந்நேரம் ஆம்புலன்ஸ் வெச்சுப் பெங்களூருக்கு அனுப்பியிருப்பேன்."

சலாம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் உமைர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அக்கா ஜைபா, எட்டு மாச வயிற்றில் கை வைத்தபடி.

காலையில் லேபில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பெண்ணைச் சரிக்கட்டி, தம்பி பேரில் படுத்து ஈசிஜி எடுத்துக்கொண்டவள் அவள்தான்.

பொம்பளைங்களுக்குத்தான் இது வராதே என்று சொல்லி உள்ளே அனுப்பியவர் சலாம்.