ஜூன் முப்பத்தொன்று

"யாரு இந்த மெட்காஃப்?" என்று கேட்டாள் லோரெட்டா.

"எங்க சார்ஜென்ட்," என்றான் கர்ட்.

"சரியான புளுகன்," என்றாள் லோரெட்டா.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் பின்னறை. முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது லோரெட்டாவின் வேலை. அவள் மேசைமேல் கர்ட் நெல்லிஸின் ராணுவக் காகிதங்கள் கிடந்தன.

ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியதும் கர்ட்டுக்குத் தூக்கம் போயிற்று. யாராவது கதவை அறைந்து சாத்தினால் மேசைக்கு அடியில் போய்விடுவான். ராணுவம் அவனை வெளியே அனுப்பியது. விடுவிப்புச் சான்றிதழில் ஒரு குறியீடு. பக்கத்தில் 'ஆளுமைக் கோளாறு' என்று இரண்டு சொற்கள். அதாவது, கோளாறு போரில் வந்ததல்ல. அவன் கூடவே கொண்டுவந்தது. பன்னிரண்டு வயதில், அப்பா இறந்தபோது, மனநல ஆலோசகரிடம் நாலு மாதம் போயிருந்தான். அதையே ஆதாரமாகக் காட்டிவிட்டார்கள்.

வேலை கேட்ட இடத்திலெல்லாம் அந்தச் சான்றிதழைக் கேட்டார்கள். போன மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கைவரைக்கும் வந்து நழுவியது. குறியீடு மாறினால் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஒருத்தனை இப்படி அனுப்பணும்னா, சார்ஜென்ட் அவனை மூணு தடவை கூப்பிட்டுப் புத்தி சொல்லி, மூணு தாள் எழுதணும். உன்னைக் கூப்பிட்டாரா?"

"ஒரு தடவைகூட இல்ல, மேடம்."

"மேடம் கீடம்னா கொன்னுடுவேன். நான் அதிகாரி இல்ல, கடற்படைக் கப்பல்ல கிழங்கு உரிச்சவ. இந்தத் தாள்ல தேதியைப் பாரு."

கர்ட் பார்த்தான். ஜூன் 31.

"ஜூனுக்கு எத்தனை நாளு?"

கர்ட் விரல் முட்டிகளில் எண்ணிப் பார்த்தான். "முப்பது."

"இந்தா, அடுத்தது. ஏப்ரல் முப்பத்தொண்ணு! இல்லாத நாள்ல உனக்குப் புத்தி சொல்லியிருக்காரு. ஒரே மத்தியானத்துல உக்காந்து மூணையும் கிறுக்கியிருக்கணும். கீழே கேப்டன், டாக்டர், கர்னல்னு வரிசையா கையெழுத்து. ஒருத்தராவது படிச்சாத்தானே! நீயாவது படிச்சியா?"

"முதல் பக்கத்துல அந்த ரெண்டு சொல்லு... அதைத் தாண்டிப் போக முடியல. உறையோட உள்ளே வச்சுட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

லோரெட்டா பேனாவை எடுத்தாள். "புளுகறதுக்கும் ஒரு நாள்காட்டி வேணும். அது இல்லாம மாட்டிக்கிட்டான் உன் சார்ஜென்ட்."

"ஆனா அவர் அப்படிப்பட்டவர் இல்ல," என்றான் கர்ட். "எனக்கு நடுக்கம் வந்தா பக்கத்துல வந்து உக்காருவார். பேசாம உக்காந்திருப்பார். எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியறதுக்கு என்ன இருக்கு? பக்கத்துல உக்காந்தான், பின்னாடி எழுதினான்."

குறியீட்டை மாற்றக் கேட்டு ராணுவத்துக்கு மனு அனுப்பினாள் லோரெட்டா. மெட்காஃபைச் சாட்சி சொல்லக் கேட்டும் ஒரு கடிதம் போட்டாள். பதில் வராது என்று பந்தயமே கட்டினாள். நாலாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது: 'எந்தத் தேதிக்கு வர வேண்டும்?'

விசாரணை அன்று ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்து சேர்ந்தார் மெட்காஃப். தலை நரைத்து, ஒரு காலைச் சாய்த்து நடந்தார். கர்ட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

கணினித் திரையில் ஐந்து அதிகாரிகள் இருந்தார்கள்.

"ஜூன் 31 அன்று இவரிடம் பேசினீர்களா?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"அப்படி ஒரு நாளே இல்லைங்க, சார்."

"வேறு நாட்களில்?"

"எந்த நாளும் பேசல. மூணு தாளும் பொய். நான்தான் எழுதினேன். இவன் பட்டாளத்துக்கு வந்தப்ப நல்லாத்தான் இருந்தான். போருதான் இப்படி ஆக்கிச்சு."

"இதை ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறீர்கள்?"

"இப்பத்தான் கேட்டாங்க, சார்."

லோரெட்டா கர்ட்டின் காதருகே குனிந்தாள். "நெஞ்சழுத்தத்தைப் பாரு!"

வெளியே வந்து கர்ட் தேடுவதற்குள் மெட்காஃபின் கார் போய்விட்டது. கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

ஏழு வாரம் கழித்துப் புதுச் சான்றிதழ் வந்தது. குறியீடு மாறியிருந்தது. அந்த இரண்டு சொற்கள் இல்லை. கர்ட் முதலில் பேருந்து அலுவலகத்தைக் கூப்பிட்டான். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அடுத்து மெட்காஃபைக் கூப்பிட்டான்.

"மாத்திட்டாங்க, சார்ஜென்ட்."

"நல்லது."

"ஒண்ணு கேக்கணும். எழுத மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. 'நீ வேண்டாம், சார்ஜென்ட் டன்னை எழுதச் சொல்றேன்'னாரு கேப்டன். டன் எழுதினா ஒரு ஓட்டை இருக்காது. அதான் நானே எழுதறேன்னு வாங்கிக்கிட்டேன்."



"என்னைக் கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். அப்ப வேலையில இருந்தேன், பயந்துட்டேன். அதுக்கு எந்தச் சமாதானமும் என்கிட்ட இல்ல."

"அப்ப அந்த முப்பத்தொண்ணு..."

"மேலே இருக்கறவங்க யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரியும். நீ படிப்பேன்னு நினைச்சேன். ஒரு வாரத்துல கண்டுபிடிச்சு வந்து என் சட்டையைப் பிடிப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன், நெல்லிஸ். பன்னெண்டு வருஷமாடா?"