கால் மணி நேரக் கம்ப்யூட்டர்

கதவைத் தள்ளியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்காவுக்காக நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கம்ப்யூட்டர் வயிறு பிளந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் அத்தான். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். இன்னொரு கையில், பிராசஸரின் சூட்டைத் தணிக்க அதன் தலையில் நான் மாட்டியிருந்த கூலர்.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"வந்துட்டியா மச்சான்? சும்மா... திறந்து பார்த்தேன்."

"சும்மாவா? மூணு மணிக்கு அக்காவுக்கு டெஸ்ட்! இப்பவே மணி ஒண்ணரை!"

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் அக்கா. மூன்று வருஷம் கழித்து ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகம் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே படிவங்களைப் பதிவு செய்கிற வேலை. முதலில் இரண்டு மணி நேரம் விடாமல் செய்து காட்ட வேண்டும். நடுவில் நின்றுபோனால் அந்த இடம் அடுத்தவருக்கு.

புதுக் கம்ப்யூட்டருக்கு வசதியில்லை. எங்கோ கழித்துப் போட்ட போர்டு, தெரிந்தவர் கொடுத்த மானிட்டர், கூலர் மட்டும் புதுசு என்று நானே உட்கார்ந்து சேர்த்தேன். ஓடியது. ஆனால் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பொட்டென்று அணைந்தது. பழைய பவர் சப்ளைதான் கோளாறு என்று முடிவு கட்டி, வேறொன்று வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.

அதற்குள் இந்த வேலை.

பக்கத்தில் ஒரு துணி கிடந்தது. அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது.

"பேஸ்ட்டைத் துடைச்சுட்டீங்களா? பிராசஸர் மேல நான் தடவி வச்சது அது! அது இல்லைன்னா சூடு ஏறி எல்லாமே போயிடும்!"

சத்தம் கேட்டு அக்கா வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. தரையைப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க... நீங்களா கழட்டினீங்க?"

அத்தான் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"தூசியா இருந்துச்சு. துடைச்சேன்."

"நான் வேலைக்குப் போறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!" அக்காவின் குரல் உடைந்தது. "முதல் நாளே கிண்டல் பண்ணீங்க, இந்தப் பெட்டியில ஐஸ் வைக்க இடம் இருக்கான்னு!"

அத்தான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் அவருக்கு அந்த நினைப்புதான்.

"அது தமாஷுக்குச் சொன்னதும்மா..."

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"இது ஃபிரிட்ஜ் இல்ல அத்தான், தட்டித் திறக்கிறதுக்கு. படிச்சவங்க கை வைக்கிற பொருள். தெரியலைன்னா ஒதுங்கி நிக்கணும்."

அதிகம் பேசிவிட்டேனோ என்று ஒரு நொடி தோன்றியது. மணியைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

அத்தான் ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

வேலையை ஆரம்பித்தேன். பேஸ்ட் கொஞ்சம் மிச்சமிருந்ததால் பிழைத்தேன். அதைத் தடவி, கூலரை உட்கார வைத்து, புதுப் பவர் சப்ளையை மாட்டி முடித்தபோது மூன்றுக்குப் பத்து நிமிடம். பட்டனை அழுத்தினேன். திரை வெளிச்சமானது.

"அணைஞ்சுடாதுல்லடா?"

"அணையாதுக்கா" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

கால் மணி நேரம் ஆனது. கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அணையவில்லை. அரை மணி. ஒரு மணி. அக்காவின் விரல்கள் நிற்கவேயில்லை. ஐந்தடித்துச் சில நிமிடங்களில் திரையில் பதில் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலை.

"என் தம்பின்னா தம்பிதான்டா!" அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். "நம்ம குடும்பத்தோட முதல் டிகிரி, சும்மாவா?"

"நான்தான் அப்பவே சொன்னேனே, பவர் சப்ளைதான் கோளாறுன்னு."

"இவரு மட்டும் நடுவுல கை வைக்காம இருந்திருந்தா..." என்று அக்கா அத்தானை முறைத்தாள்.

"தப்புதான் தாயே. இனிமே அந்தப் பெட்டி பக்கம் வந்தா ஏன்னு கேளு." அத்தான் காதைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் கிளம்பியபோது பஸ் நிறுத்தம்வரை அத்தானும் வந்தார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் பேசினார்.

"உள்ளே காத்தாடி நல்லா சுத்துச்சு மச்சான். ஆனா வெளியே வந்த காத்துல சூடே இல்ல. அப்ப சூடு உள்ளேயே நிக்குதுன்னுதானே அர்த்தம்? ஃபிரிட்ஜும் அப்படித்தான். அதான் திறந்தேன்."

"திறந்து?" என்றேன்.

அவர் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி மாதிரி மெல்லிசு. அதன் ஒரு பக்கத்தில் நான் தடவிய பேஸ்ட்.

"சூட்டை மேலே ஏற விடாம கூலருக்கு அடியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. உரிச்சுட்டேன். உங்க அக்காகிட்ட சொல்லல. தம்பி செஞ்சதுன்னு நம்பித்தானே அவ டெஸ்ட்டுக்கே ஒத்துக்கிட்டா? அந்த நேரத்துல அந்த நம்பிக்கை போயிடக் கூடாதுல்ல."

தாளை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தேன்.

"மேல என்னவோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. நமக்கு அது வராது. நீ படிச்சவன், என்னன்னு பார்த்துச் சொல்லு மச்சான்."

பார்த்தேன். சிவப்பில், கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது:

'மாட்டும் முன் இதை உரித்துவிடவும்.'