ஜன்னல் சீட்டு

"ஊர்வலமாம், கொடியாம்! யார் யாரோட குடும்பம் நடத்தினா ஊருக்கென்ன? அதைத் தெருத்தெருவா தம்பட்டம் அடிக்கணுமா?" கணக்கு வாத்தியார் செய்தித்தாளை மடக்கிப் போட்டார்.

வானவில் கொடிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் நிமிரவே இல்லை. பதினாறு வருடமாகக் கேட்கிற பாட்டுதான். "உன் சட்டையும் தேய்ச்சாச்சு. ஒரு தடவை வந்துதான் பாரேன்."

"நீ போ. என்னை நாலு பேர் பார்த்தா மானம் கப்பலேறிடும்."

அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு அம்மா கார் சாவியோடு நின்றார். "ஊர்வலத்துக்குத்தானே சார்? என் கார்லயே ரெண்டு பேரும் வந்துடுங்க."

வாத்தியார் அவசரமாக முந்திக்கொண்டார். "நான் எதுக்கும்மா? இவன்தான் ஏதோ சிநேகிதங்களுக்காகப் போறான். இவன் என் பெரியம்மா பையன், தெரியுமில்ல?"

நர்ஸ் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"தெரியும் சார். எங்ககிட்ட பெரியம்மா பையன், மேல்வீட்டுல மாமா பையன், வாட்ச்மேன்கிட்ட அக்கா வீட்டுக்காரர். ஒரு நாள் எல்லாரும் லிஃப்டுல நின்னு கூட்டிப் பார்த்தோம். ஜோடின்னு விடை வந்துச்சு."

"எ... எப்போ?"

"நீங்க குடிவந்த மூணாவது மாசம்."

வாத்தியார் பதினாறு வருடமாகக் கட்டிக் காத்த ரகசியம், இந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் ரகசியமாக இருந்திருக்கிறது. அவருக்கு.

கொடியை மடித்து நர்ஸிடம் கொடுத்தார். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வர்றேன். ஆனா ஜன்னல் சீட்டு எனக்குத்தான்."